புயல், வெள்ளம் முடிஞ்ச ஊருக்கு முதல் தடவை உதவிக்குப் போறீங்களா? வண்டி ஏத்துறதுக்கு முன்னாடி இத படிச்சுடுங்க

புயல்னு நியூஸ் வந்த அடுத்த மணி நேரத்துலேயே நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு துணி, பிஸ்கட், தண்ணி பாட்டில்னு சேர்க்க ஆரம்பிச்சுடுவாங்க. அந்த மனசு பெரிய விஷயம். 2015 டிசம்பர்ல சென்னை முழுகினப்பவும், 2018ல கஜா அடிச்சப்பவும், 2023 டிசம்பர்ல தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டம் தவிச்சப்பவும் சாதாரண ஜனங்க கைக்காசு போட்டு ஓடி வந்தாங்க. ஆனா வந்த சாமான்ல நிறைய யாருக்கும் உபயோகப்படாம கிடந்துச்சு, மெயின் ரோட்டுல இருந்த ஊருக்கு நாலு தடவை அரிசி வந்துச்சு, உள்ள மூணு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊருக்கு எதுவுமே வரல. அது நடக்கக்கூடாதுன்னு தான் இத எழுதுறேன். டெல்டா பக்கம் நிவாரண வேலையில கூட நின்னு பார்த்தது, சுகாதாரத் துறை ஆளுங்ககிட்ட கேட்டு கத்துகிட்டது, அப்புறம் ஸ்பியர்னு உலகம் பூரா நிவாரண அமைப்புங்க வச்சிருக்கற ஒரு அளவுகோல் இருக்கு அதுல வர்ற கணக்கு, எல்லாத்தையும் சேர்த்து சொல்றேன்.

ஒரே ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க, அங்க இருக்கவங்ககிட்ட கேட்காம எதையும் ஏத்தாதீங்க. முதல் நாள் தேவை வேற, நாலாவது நாள் தேவை வேற, பதினஞ்சாவது நாள் சுத்தமா வேற.

முதல்ல போன்

மாவட்ட கட்டுப்பாட்டு அறை நம்பர் 1077, வெளியூர்லேர்ந்து கூப்பிட்டா அந்த மாவட்டத்து எஸ்டிடி கோடு முன்னாடி போட்டுக்கணும், மாநில கட்டுப்பாட்டு அறை 1070. எந்த ரோடு திறந்திருக்கு, எந்த ஊருக்கு இன்னும் யாரும் போகல, எது ஏற்கனவே வந்து குவிஞ்சிருக்கு, இந்த மூணையும் கேளுங்க. லைன் கிடைக்காம போகலாம், திரும்ப திரும்ப போடுங்க.

அதோட நிறுத்தாதீங்க. அந்த ஊர்ல ஒருத்தர்கிட்டயாவது பேசணும், விஏஓ, ஊராட்சி தலைவர், ஸ்கூல் டீச்சர், மகளிர் குழு அக்கா, மீனவ கிராமம்னா ஊர் பஞ்சாயத்து ஆளு. முடிஞ்சா ரெண்டு பேர்கிட்ட பேசுங்க, அதுல ஒருத்தர் ஊர்த்தெருவுல இருந்தா இன்னொருத்தர் காலனியிலயோ ஒதுக்குப்புறமா இருக்கற தெருவுலயோ இருக்கணும், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

"என்ன வேணும்?"னு கேட்டா "எல்லாம் தான் வேணும் தம்பி"ன்னு தான் பதில் வரும், எல்லாத்தையும் இழந்தவங்க வேற என்ன சொல்லுவாங்க. அதனால இப்படி கேளுங்க. இன்னைக்கு காலையில என்ன சாப்பிட்டீங்க? தண்ணி எங்க பிடிச்சீங்க? நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க? பொம்பளைங்க பாத்ரூமுக்கு எங்க போறாங்க? மாத்திரை தீர்ந்து போன ஆள் யாராச்சும் இருக்காங்களா? அடுப்பு எரியுதா? இந்த ஆறு கேள்விக்கு பதில் வந்துட்டா உங்க லோடு லிஸ்ட் தானா வந்துடும்.

இன்னொன்னு, முதல் ரெண்டு நாள் மீட்பு வேலை நடக்கும், அது தீயணைப்புத் துறை, பேரிடர் மீட்புப் படை, படகு ஓட்டத் தெரிஞ்ச மீனவர்கள் பார்க்க வேண்டிய வேலை. பயிற்சி இல்லாம நீங்க இறங்கினா உங்களையும் சேர்த்து ஒருத்தர் காப்பாத்த வேண்டி வரும். அந்த நேரத்துல உண்மையா கை குடுக்கறது பக்கத்து ஊர்க்காரங்க தான். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை கொட்டுச்சு, அப்ப ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோட நின்னு போச்சு, சுத்தி தண்ணி, வெளியிலேர்ந்து யாரும் உள்ள வர முடியல, பக்கத்து கிராமத்து ஜனங்க தான் தங்க இடம் குடுத்து சமைச்சும் போட்டாங்க, அவங்களே மழையில மாட்டிகிட்டு இருந்தவங்க. அந்த மாதிரி ஏற்கனவே வேலை பார்த்துகிட்டு இருக்கற உள்ளூர் ஆளுங்கள கண்டுபிடிச்சு அவங்களுக்கு பின்னாடி நிக்கறது தான் வெளியூர்லேர்ந்து வர்ற நம்ம வேலை.

போறப்ப உங்களுக்கு வேண்டிய சாப்பாடு, தண்ணி, பெட்ரோல், பவர்பேங்க், டார்ச், படுக்கை எல்லாம் நீங்களே எடுத்துட்டு போங்க, அந்த ஊர்ல இருக்கற ஒரே கடையில போய் நீங்க தண்ணி பாட்டில் வாங்கக்கூடாது. ஏடிஎம் வேலை செய்யாது, டவர் இருக்காது, யுபிஐய நம்ப முடியாது, சில்லறையா பணம் வச்சுக்கோங்க. டிடி ஊசி, அதான் காயத்துல ரணஜன்னி வராம இருக்க போடற ஊசி, போட்டு ரொம்ப வருஷம் ஆச்சுன்னா போட்டுட்டு கிளம்புங்க, கம்பூட் கட்டாயம்.

தண்ணி, இது தான் பெரிய வேலை

குடிக்க, சமைக்க, குளிக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 15 லிட்டர்னு ஸ்பியர் கணக்கு, அதுல குடிக்கறதுக்கு மட்டும் 2.5லேர்ந்து 3 லிட்டர். இப்ப 100 வீடு இருக்கற ஊர எடுத்துக்கோங்க, வீட்டுக்கு நாலு பேர்னா 400 பேர், 6,000 லிட்டர். 20 லிட்டர் கேன்ல 300 கேன், அதுவும் ஒரே ஒரு நாளைக்கு. நீங்க ஒரு லிட்டர் பாட்டில்ல ஒரு வண்டி கொண்டு போனா மத்தியானத்துக்குள்ள காலி, அப்புறம் அந்த காலி பாட்டில் எல்லாம் வாய்க்கால்ல அடைச்சுக்கும். முதல் நாள் தொண்டைய நனைக்க பாட்டில் வேணும், ஒத்துக்கறேன், ரெண்டாவது நாளே வேற வழி பார்க்கணும்.

நான் எந்த ஊருக்கு போனாலும் முதல்ல பார்க்கறது மேல்நிலைத் தொட்டிய தான். கஜா 2018 நவம்பர் 16 விடியக்காலையில நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரைய கடந்துச்சு, ஒரு லட்சத்துக்கு மேல மின்கம்பம் சாஞ்சுச்சு, உள்ளடங்கின ஊர்ல வாரக்கணக்குல கரண்ட் வரல. போர்வெல்ல தண்ணி இருக்கு, மோட்டர் நல்லா இருக்கு, தொட்டி நிக்குது, குழாய் இருக்கு, கரண்ட் மட்டும் இல்ல. அந்த இடத்துல ஒரு ஜெனரேட்டர டிராக்டர்ல கட்டி எடுத்துட்டு போய் ஒரு ஊர்ல தொட்டிய ரொப்பிட்டு அடுத்த ஊருக்கு போனா அதுக்கு ஈடா எதுவுமே கிடையாது. 30,000 லிட்டர் தொட்டி ஒரு தடவை ரொம்பினா 2,000 பேருக்கு ஒரு நாள் கணக்கு சரியா போச்சு, டீசல் செலவும் ஜெனரேட்டர் வாடகையும் மட்டும் தான், அதே தண்ணிய கேன்ல வாங்கினா 1,500 கேன்.

இத செய்யறப்ப மூணு விஷயம். மோட்டர் எத்தனை எச்பி, சிங்கிள் பேஸா த்ரீ பேஸான்னு டேங்க் ஆபரேட்டர்கிட்ட போன்லயே கேட்டுட்டு அதுக்கு தாங்கற ஜெனரேட்டர வாடகைக்கு எடுங்க. ஈபி லைன சுத்தமா கழட்டிட்டு தான் ஜெனரேட்டர் மாட்டணும், இல்லன்னா நம்ம கரண்ட் பின்னாடி லைன்ல ஏறி எங்கயோ கம்பத்து மேல வேலை பார்க்கற லைன்மேன் உயிர் போயிடும், அதனால எலக்ட்ரீஷியன் இல்லாம அந்த வேலைய தொடவே தொடாதீங்க. மூணாவது, த்ரீ பேஸ் மோட்டர் ஓடுற சத்தம் கேட்டுட்டு வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. ஒரு ஊர்ல இப்படி தான் மோட்டர் ஓடுது, தண்ணி ஏறவே இல்ல, எல்லாரும் போர் போச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க, டேங்க் ஆபரேட்டர் பெரியவர் ரூம் வாசல்ல உக்காந்து காது குடுத்து கேட்டுட்டு "ரிவர்ஸ்ல சுத்துது, ரெண்டு ஒயர மாத்தி குடுங்க தம்பி"ன்னாரு. எலக்ட்ரீஷியன் ஆஃப் பண்ணிட்டு மாத்தி குடுத்ததும் பைப்பு அதிர்ந்துச்சு, கொஞ்ச நேரத்துல மேல தொட்டிக்குள்ள தண்ணி விழுற சத்தம். அந்த பெரியவர் மாதிரி ஆளு தான் ஊர்ல உங்களுக்கு முதல் சிநேகிதரா இருக்கணும்.

தண்ணி ஏறினா மட்டும் போதாது, குளோரின் போடணும். சுகாதார ஆய்வாளர் வருவாரு, அவர் பார்த்து போடறது தான் சரி, குழாயில வர்ற தண்ணியில லிட்டருக்கு 0.2லேர்ந்து 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும், அத அளக்கற சின்ன டப்பா அவர்கிட்ட இருக்கும், அளந்து காட்டச் சொல்லி கேளுங்க, கேட்கறதுல தப்பே இல்ல. கிணறு தான் ஆதாரம்னா கணக்கு இப்படி. கிணத்தோட விட்டத்த மீட்டர்ல எடுத்து அத அதாலேயே பெருக்கி, தண்ணி எத்தனை மீட்டர் நிக்குதோ அதால பெருக்கி, 0.785ஆல பெருக்கினா எத்தனை ஆயிரம் லிட்டர்னு வரும். 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் தண்ணின்னா சுமார் 14,000 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் ஒரு அடிப்படை கணக்கு, அப்ப இதுக்கு 35 கிராம், வெள்ளத் தண்ணி கலந்த கிணறுன்னா கூட வேணும், எவ்வளவுன்னு அந்த டப்பாவுல அளந்து தான் சொல்ல முடியும். பவுடர அப்படியே கிணத்துல கொட்டாதீங்க. பக்கெட்ல கொஞ்சம் தண்ணி விட்டு கூழ் மாதிரி கரைச்சு, அப்புறம் முக்கால் பக்கெட் தண்ணி ஊத்தி கலக்கி, பத்து நிமிஷம் விட்டா சுண்ணாம்பு அடியில தங்கிடும், மேல இருக்கற தெளிவ மட்டும் வேற பக்கெட்ல எடுத்து கிணத்துக்குள்ள இறக்கி மேலயும் கீழயும் ஆட்டி கலக்கணும், ஒரு மணி நேரம் கழிச்சு தான் இறைக்கணும். திறந்த மூட்டையில ஈரமா கிடந்த பவுடர்ல வீரியம் போயிருக்கும், மூக்குல சுள்ளுனு ஏறாத பவுடர வாங்காதீங்க.

வீட்டுல குடிக்கறதுக்கு, துணியில வடிகட்டி, நல்லா தளதளன்னு கொதி வந்ததுக்கு அப்புறம் ஒரு நிமிஷம் விட்டு இறக்கினா போதும். விறகு ஈரம், கேஸ் இல்லன்னா குளோரின் மாத்திரை குடுங்க, ஆனா ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்குன்னு அட்டையில போட்டிருக்கும், அத தமிழ்ல பெருசா எழுதி வாயாலயும் சொல்லிட்டு குடுங்க, முழுங்கற மாத்திரைன்னு நினைச்சு குடிச்சுட வாய்ப்பு இருக்கு.

அப்புறம் பாத்திரம். வெள்ளத்துல குடமும் பக்கெட்டும் தான் முதல்ல மிதந்து போகும். தண்ணி லாரி வந்து நின்னா கூட பிடிக்க எதுவும் இல்லாம நிக்கற வீடு நிறைய. வீட்டுக்கு ரெண்டு, ஒன்னு பிடிச்சுட்டு வர, ஒன்னு மூடியோட வீட்டுல வைக்க. இத யாரும் லிஸ்ட்ல சேர்க்கறதே இல்ல, நீங்க சேர்த்துடுங்க.

சாப்பாடு

முதல் ரெண்டு மூணு நாள் பொட்டலம். புளியோதரை, எலுமிச்சை சாதம் தாங்கும், தேங்காய் சட்னி, தயிர் சாதம், சாம்பார் சாதம் இந்த ஈரக்காத்துல சீக்கிரம் கெட்டுப்போகும், அத தின்னு வாந்தி பேதி ஆனா அந்த ஊர் தாங்காது. சமைச்ச நேரத்த பொட்டலத்து மேல பேனாவுல எழுதுங்க, நாலு மணி நேரத்துக்குள்ள கைக்கு போய் சேரணும், போகாதுன்னா அவல், பொரி, வேர்க்கடலை, பேரீச்சம்பழம், வாழைப்பழம்னு மாத்திக்கோங்க. சென்னையிலேர்ந்து 300 கிலோமீட்டருக்கு பொட்டலம் கட்டிட்டு போறது எனக்கு சுத்தமா ஒத்துவராத யோசனை. அதுக்கு பதிலா அரிசி, பருப்பு, கேஸ் அடுப்பு, சிலிண்டர் குடுத்து அந்த ஊர் ஸ்கூல் சத்துணவு கூடத்துல பொதுச் சமையல் போடுங்க, அங்க அண்டா, கரண்டி எல்லாம் இருக்கும், சமைக்கற அம்மாவும் அந்த ஊர் தான், சூடா கிடைக்கும், நாலு பேர் ஒன்னா உக்காந்து சாப்பிட்டா மனசுக்கும் கொஞ்சம் தெம்பு.

நாலாவது நாள்லேர்ந்து அவங்கவங்க வீட்டுல சமைக்க நினைப்பாங்க, அப்ப மளிகை கிட். ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,100 கலோரின்னு ஒரு கணக்கு, நிவாரண முகாம்கள்ல பொதுவா ஆளுக்கு 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 மில்லி எண்ணெய்ல ஆரம்பிச்சு மேல வெல்லம், கடலை, சத்துமாவுன்னு சேர்ப்பாங்க. நாலு பேர் வீட்டுக்கு ஒரு வாரம்னா அரிசி 11 கிலோ, பருப்பு ஒன்னே முக்கால் கிலோ, எண்ணெய் முக்கால் லிட்டர். இதோட உப்பு, புளி, மிளகாய்த்தூள், டீத்தூள், சர்க்கரை, தீப்பெட்டி. தீப்பெட்டிய பிளாஸ்டிக் கவர்ல கட்டிக் குடுங்க. வெறும் அரிசி மூட்டைய இறக்கிட்டு வந்தா அடுப்பு எரிக்க விறகு இல்லாம அது மூலையில கிடந்து பூஞ்சை பிடிக்கும், அதனால எரிபொருள் என்னன்னு கேட்காம அரிசி குடுக்காதீங்க.

கைக்குழந்தைக்கு பால் பவுடர் டப்பா சேகரிக்கறவங்க நிறைய பேர். தயவுசெஞ்சு பொதுவுல விநியோகம் பண்ணாதீங்க. கெட்ட தண்ணியில கலந்து கழுவாத பாட்டில்ல குடுத்தா அந்த டப்பாவே குழந்தைக்கு எமன் ஆயிடும், நம்ம நாட்டுல 1992ல வந்த சட்டமே தாய்ப்பாலுக்கு பதிலான பவுடர இலவசமா குடுக்கறத கட்டுப்படுத்துது. அதிர்ச்சியில பால் வத்திடும்னு சொல்லுவாங்க, பயத்துல கொஞ்ச நேரம் சுரப்பு தடைபடலாம், ஆனா அந்த தாய்க்கு மறைவா உக்கார ஒரு இடம், வயித்துக்கு சாப்பாடு, குடிக்க தண்ணி, ஒரு ஆறுதல் கிடைச்சு குழந்தைய தொடர்ந்து சப்ப விட்டா திரும்ப வரும். தாய் இல்லாத குழந்தைன்னா கிராம சுகாதார செவிலியர் மூலமா அந்த ஒரு குழந்தைக்கு ஏற்பாடு பண்ணுங்க.

தலைக்கு மேல ஒன்னு, கீழ ஒன்னு

தார்ப்பாய், பாய், போர்வை, கொசுவத்தி அல்லது கொசுவலை. நிவாரண வேலையில குடும்பத்துக்கு குடுக்கற தார்ப்பாய் அளவு 4 மீட்டருக்கு 6 மீட்டர், நம்ம கடை கணக்குல கிட்டத்தட்ட 13 அடிக்கு 20 அடி. ஓரத்துல வளையம் அடிச்ச கனமான சரக்கா வாங்குங்க, மெல்லிசா இருக்கறது ஒரு காத்துக்கு கிழிஞ்சிடும். கூடவே நைலான் கயிறு கட்டாயம், கயிறு இல்லாத தார்ப்பாய் வெறும் விரிப்பு தான்.

ஸ்கூல்லயோ மண்டபத்துலயோ தங்க வச்சிருந்தா ஒரு ஆளுக்கு மூணரை சதுர மீட்டராவது வேணும், 20 அடிக்கு 20 அடி கிளாஸ்ரூம்னா பத்து பேர். நடைமுறையில நாப்பது பேர் இருப்பாங்க, அதனால தாசில்தார் ஆபீஸ்ல பேசி இன்னொரு கட்டடம் திறக்க வைக்க முடியுமான்னு பாருங்க, அது நீங்க கொண்டு போற போர்வைய விட பெரிய உதவியா இருக்கலாம்.

பழைய துணி பத்தி நேராவே சொல்லிடறேன். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரம் பூரா பழைய துணி மலை மாதிரி குவிஞ்சு மழையில நனைஞ்சு கிடந்துச்சு, எடுத்து போடறதுக்கு ஆள் இல்ல. கடலுக்கு போய் சம்பாதிச்சு தலை நிமிர்ந்து வாழ்ந்த ஜனங்க, அடுத்தவங்க போட்டு கிழிஞ்ச துணிய எப்படி தொடுவாங்க. புதுசா நைட்டி, லுங்கி, துண்டு, உள்பாவாடை, உள்ளாடை, குழந்தைங்க துணி குடுங்க, உள்ளாடைய யாரும் வாய்விட்டு கேட்க மாட்டாங்க, மூணு நாலு சைஸ்ல கொண்டு போய் பெண் தன்னார்வலர் கையால தனியா குடுக்கணும்.

கக்கூஸ், பொம்பளைங்க, குழந்தைங்க

ஆரம்பத்துல 50 பேருக்கு ஒன்னு, சீக்கிரமே 20 பேருக்கு ஒன்னுன்னு கழிப்பறை கணக்கு. ஆம்பளைங்க எங்கயாச்சும் ஒதுங்கிடுவாங்க. பொம்பளைங்க இருட்டுற வரைக்கும் அடக்கிகிட்டு, அதுக்காகவே தண்ணி குடிக்காம இருந்து, நீர்க்கடுப்பு வந்து துடிப்பாங்க. முகாமுக்குள்ள நுழைஞ்சதும் பொம்பளைங்க பாத்ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா, லைட் இருக்கா, தண்ணி இருக்கா, இந்த மூணையும் பார்த்துட்டு தான் மத்த வேலை. ஒரு தாழ்ப்பாள், ஒரு சோலார் லைட், ஒரு டிரம் தண்ணி, இது ஒரு நாள்ல முடியற வேலை. நாப்கின் குடுக்கறப்ப பேப்பரும், போடறதுக்கு மூடி வச்ச டப்பாவும் சேர்த்து குடுங்க. வயசான அம்மாங்களும் கிராமத்து பொண்ணுங்களும் துணி தான் பழக்கம்னா பருத்தித் துணியும் சோப்பும் குடுங்க.

பெத்தவங்கள பிரிஞ்ச குழந்தைய பார்த்தா 1098க்கு போன் பண்ணுங்க. "நாங்க கூட்டிட்டு போய் வளர்க்கறோம்"னு எவ்வளவு நல்ல மனசோட யார் வந்தாலும் குடுத்துடக்கூடாது, போட்டோ எடுத்து குரூப்ல போடவும் கூடாது, அந்த போட்டோ தப்பான கைக்கு போகும்.

நோய்

வாந்தி பேதி தான் முதல்ல வரும். ஓஆர்எஸ் பாக்கெட்ட அதுல போட்டிருக்கற அளவு சுத்தமான தண்ணியில, பெரிய பாக்கெட்னா ஒரு லிட்டர்ல, முழுசா கரைக்கணும், பாதி பாதியா போடக்கூடாது. பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு சர்க்கரை தலை தட்டின ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். கண்ணு உள்ள போயிருக்கு, ஒன்னுக்கு போகல, குழந்தை துவண்டு கிடக்கு, குடிக்க முடியலன்னா யோசிக்காம 108.

வெள்ளத் தண்ணியில நடந்தவங்களுக்கு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு சிவப்புன்னா எலிக்காய்ச்சலா இருக்கலாம், வெறும் ஜுர மாத்திரை போட்டுட்டு படுத்துக்காம ஆஸ்பத்திரிக்கு போய் தண்ணியில நடந்தேன்னு சொல்லணும். தொடர்ந்து தண்ணியில வேலை பார்க்கற தன்னார்வலர்களுக்கு வாரம் ஒரு தடவை டாக்ஸிசைக்ளின் குடுப்பாங்க, 2018 கேரளா வெள்ளத்துல இத பெரிய அளவுல குடுத்தாங்க, ஆனா டாக்டர கேட்டு தான் போடணும், கர்ப்பிணிகளுக்கும் சின்ன குழந்தைகளுக்கும் ஆகாது.

பாம்பு வீட்டுக்குள்ள, பரண்ல, துணி மூட்டைக்குள்ள எல்லாம் ஏறியிருக்கும். குச்சியில தட்டிட்டு தான் கைய விடணும். கடிச்சா கட்டு இறுக்கறது, கீறி விடறது, வாய் வச்சு உறிஞ்சறது எதுவும் வேண்டாம், அசையாம படுக்க வச்சு அரசு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க, மருந்து அங்க தான் இருக்கும்.

சுகர், பிபி, வலிப்பு, டிபி மாத்திரை தீர்ந்து போனவங்க, டயாலிசிஸ் நாள் தவறினவங்க, இவங்க பேரெல்லாம் தனியா ஒரு நோட்டுல எழுதி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கிட்ட குடுங்க. இவங்க வரிசையில வந்து நிக்க மாட்டாங்க, வீட்டுத் திண்ணையில சுருண்டு கிடப்பாங்க, நீங்க தான் தெருத்தெருவா கேட்டுட்டு போகணும். இன்சுலின ஃப்ரிட்ஜ் இல்லாம மண்பானை ஈரத்துல கவர் கட்டி வைக்கலாம்.

வீட்டுக்கு திரும்பறவங்களுக்கு சொல்ல வேண்டியது. சுவர் ஈரமா இருக்கறப்ப சுவிட்ச தொடாதீங்க, மெயின் ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். கேஸ் வாசனை வந்தா தீப்பெட்டி கூடாது. ஜெனரேட்டர வீட்டுக்குள்ள வச்சு ஓட்டினா புகை ஆள கொன்னுடும். பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிடையும் ஒன்னா கலக்காதீங்க, வர்ற வாயு நுரையீரல எரிச்சுடும்.

குடுக்கற முறை

சாமான் சேர்க்கறது சுலபம், சண்டை வராம குடுக்கறது தான் கஷ்டம். வண்டிய மெயின் ரோட்டுல நிறுத்தாதீங்க, நிறுத்தினா அங்கயே காலி ஆயிடும். வண்டி மேல நின்னு தூக்கி எறியறது மனுஷங்கள அவமானப்படுத்தற வேலை, பலமா இருக்கறவன் பிடிப்பான், வயசானவங்க மிதிபடுவாங்க.

குடுக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ரெண்டு பேர் மட்டும் ஊருக்கு போய் தெரு தெருவா வீட்ட எண்ணி டோக்கன் குடுத்துட்டு வாங்க, நேரமும் இடமும் சொல்லிட்டு வாங்க. ஒரே கூரைக்கு கீழ ரெண்டு அடுப்பு இருந்தா ரெண்டு டோக்கன். மறுநாள் பகல்ல, பொது இடத்துல, வயசானவங்க, கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரங்களுக்கு தனி வரிசை. 120 வீடு இருக்கு, உங்ககிட்ட 80 கிட் தான் இருக்குன்னா குடுக்கவே ஆரம்பிக்காதீங்க. பிரிச்சு 120 ஆக்குங்க, இல்லன்னா மிச்சம் வர்ற வரைக்கும் காத்திருங்க.

இப்ப அந்த ரெண்டு தெரு விஷயம். சுனாமி நேரத்துல தலித் குடும்பங்களும் இருளர் குடும்பங்களும் முகாம்லயும் நிவாரணத்துலயும் ஒதுக்கப்பட்டது பல அறிக்கையில பதிவாகியிருக்கு. இன்னைக்கும் ஊர்ப் பெரியவர் குடுக்கற லிஸ்ட்ல காலனி இல்லாம இருக்கலாம், ஏரிக்கரையில குடிசை போட்டிருக்கறவங்களுக்கு ரேஷன் கார்டே இருக்காது, செங்கல் சூளையில வேலை பார்க்கற வெளியூர்க்காரங்க யார் கணக்குலயும் வர மாட்டாங்க. ஸ்மார்ட் கார்டு காட்டினா தான் கிட்னு நீங்க விதி வச்சா யாருக்கு அதிகமா தேவையோ அவங்க தான் முதல்ல விழுவாங்க. லிஸ்ட்ட வாங்கிக்கோங்க, அப்புறம் நீங்களே கடைசி வீடு வரைக்கும் நடங்க.

வாங்கறவங்க முகத்த போட்டோ எடுக்காதீங்க. பணம் குடுத்தவங்களுக்கு கணக்கு காட்டணும்னா சாமான், பில், டோக்கன் லிஸ்ட், காலியான வண்டி இதெல்லாம் எடுங்க போதும். யாராச்சும் உங்ககிட்ட அழுதா பக்கத்துல உக்காந்து கேளுங்க, "நடந்தத சொல்லுங்க, சொல்லுங்க"ன்னு தோண்டாதீங்க, "எல்லாம் சரியாயிடும்"னும் சொல்லாதீங்க, அடுத்து என்ன உதவி எங்க கிடைக்கும்ங்குற தகவல குடுங்க.

பேப்பர் வேலை

பலரும் விட்டுடற உதவி இது. சாஞ்ச மரத்த வெட்டறதுக்கு முன்னாடி, சேத்த அள்ளறதுக்கு முன்னாடி, செத்த மாட்ட புதைக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்க, மாட்டுக்கு கால்நடை டாக்டர் சான்று வேணும், வீடு, பயிருக்கு விஏஓ கணக்கெடுப்புல பேர் ஏறணும். பேரிடர்ல இறந்தவங்க குடும்பத்துக்கு பேரிடர் நிவாரண நிதி விதிப்படி 4 லட்சம் ரூபாய் இருக்கு, அதுக்கு போலீஸ் ரிப்போர்ட், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்று வேணும், துக்கத்துல இருக்கறவங்களால இதுக்கெல்லாம் அலைய முடியாது, நீங்க ஒரு ஆள கூட அனுப்புங்க. ஆதார், பட்டா, சர்டிபிகேட் போனவங்களுக்கு சிறப்பு முகாம் போடுவாங்க, 2015லயும் 2023லயும் போட்டாங்க, தேதி தெரிஞ்சா ஊர்ல மைக்ல சொல்ல வைங்க, மனு எழுதத் தெரிஞ்ச ரெண்டு காலேஜ் பசங்கள அங்க உக்கார வைங்க. நனைஞ்ச பத்திரத்த வெயில்ல போடாம நிழல்ல ஒவ்வொரு தாளா பிரிச்சு காய வைக்கணும்.

கூட்டம் குறைஞ்சதுக்கு அப்புறம்

பத்து பதினஞ்சு நாள்ல கடை திறந்துடும், அப்புறம் வெளியிலேர்ந்து மளிகை கொண்டு போறது அந்த ஊர் கடைக்காரர் வயித்துல அடிக்கற வேலை. அவர்கிட்டயே வாங்கி குடுங்க, இல்லன்னா பணமா குடுங்க, என்ன வேணும்னு அவங்களுக்கு தெரியும்.

ஒரு மாசம் கழிச்சு யாரும் வர மாட்டாங்க, ஆனா அப்ப தான் நோட்டு புத்தகம், யூனிபார்ம், வலை, என்ஜின் ரிப்பேர், தையல் மெஷின், ஆட்டுக்குட்டின்னு வாழ்க்கைய திரும்ப ஆரம்பிக்கற தேவை வரும். கஜாவுல பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் லட்சக்கணக்குல தென்னை போச்சு, கன்னு குடுக்க நிறைய பேர் வந்தாங்க, ஆனா கன்னு வைக்கணும்னா முதல்ல விழுந்த மரத்த அறுத்து அப்புறப்படுத்தணும், அதுக்கு மெஷினும் கூலியும் தான் பெரிய செலவு. வச்ச கன்னு காய்க்க அஞ்சு ஆறு வருஷம் ஆகும், அது வரைக்கும் ஊடுபயிருக்கு விதையும் ஒரு கறவை மாடும் இருந்தா அந்த வீடு தாங்கும். அதனால வசூல் ஆன பணத்துல மூணுல ஒரு பங்கையாவது முதல் வாரத்துல தொடாம எடுத்து வைங்க, அதே ஊருக்கு ரெண்டாவது மாசம் போய் திரும்ப அந்த ஆறு கேள்வியோட ஆரம்பிங்க, வரவு செலவ பில்லோட பணம் குடுத்தவங்க எல்லாருக்கும் அனுப்பிடுங்க, அந்த ஊர் டேங்க் ஆபரேட்டர், செவிலியர், மகளிர் குழு தலைவி இவங்க நம்பர உங்களுக்கு அடுத்து வேலை பார்க்க வர்றவங்ககிட்ட குடுத்துட்டு வாங்க.